இரவல் போன பிள்ளைகள்

கணினியில் ஃபுட்பால் மேனேஜர் ஆடும் அன்பு நண்பர்களுக்கு,

இரவு பத்து மணிக்கு "ஒரே ஒரு மேட்ச்" என்று உட்கார்ந்து, பால் பாக்கெட் போடுபவரின் சைக்கிள் சத்தம் கேட்ட பிறகே எழுந்திருக்கிற கூட்டம் நாம். உங்களில் பலரை எனக்கு நேரில் தெரியாது. ஆனாலும் நம்மவர்கள் நாலு பேர் கூடினால் என்ன பேசுவார்கள் என்று நன்றாகத் தெரியும். மூன்றாம் டிவிஷன் அணியை எத்தனை சீசனில் மேலே கொண்டுவந்தோம், டிரான்ஸ்ஃபர் கடைசி நாளில் யாரை எவ்வளவுக்கு வாங்கினோம், எந்த ஃபார்மேஷனில் யாரைக் கவிழ்த்தோம். லோனில் அனுப்பிய பையன்களைப் பற்றி மட்டும் பேச்சே வராது. நானாகக் கேட்டால், "அவனையா? லோன்ல விட்டுட்டேன்" என்று ஒரு வரியில் முடிந்துவிடும். எந்தக் கிளப்பில் என்று கேட்டால் பாதிப் பேருக்குப் பெயர் ஞாபகம் இருப்பதில்லை.

அந்த "விட்டுட்டேன்"தான் இந்த மடலை எழுதவைத்தது.

லோன் என்ற சொல் காதில் விழுந்ததும் நமக்கு வங்கியும் தவணையும் நினைவுக்கு வருகின்றன. அதனால்தானோ என்னவோ, பையனை அனுப்பும்போதும் சம்பளத்தில் எத்தனை சதவீதம் அவர்கள் தருவார்கள், மாதம் எவ்வளவு வரும் என்று மட்டும் பார்க்கிறோம். நம்மிடம் இதற்கு வேறொரு சொல் இருக்கிறது: இரவல். விசேஷத்துக்கென்று பக்கத்து வீட்டுக்கு அண்டா கொடுத்தாலே, விசேஷம் முடிந்த மறுநாள் அம்மா விசாரிக்கத் தொடங்கிவிடுவார். அண்டாவின் விளிம்பில் பெயர் வெட்டியிருக்கும். திரும்பி வந்ததும் ஒடுக்கு விழுந்திருக்கிறதா என்று சுற்றிச் சுற்றிப் பார்ப்பார். திரும்பி வரவேண்டிய பொருள் என்ற நினைப்பு அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. பையன்களை அனுப்புகிற நமக்கு அந்த நினைப்பு இல்லை. அவன் போகிற வழியை மட்டும் பார்க்கிறோம். வருகிற வழியைப் பார்ப்பதில்லை.

ஜூலை முதல் வாரம் நம் திரையில் என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். 18 வயதுக்கு உட்பட்டோர் அணியிலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர் மேலே வந்திருப்பார்கள். அவர்களை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, எல்லாக் கிளப்புகளுக்கும் லோனுக்குத் தருவதாக ஒரு அறிவிப்பு. அரை நிமிட வேலை. இரண்டு நாளில் பதில்கள் குவியும். அதிகப் பணம் தருகிற கிளப்பைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சம்மதம் தருவோம். அடுத்த மே மாதம் அவர்கள் திரும்பி வந்து வரிசையில் நிற்கும்போதுதான் மறுபடி அந்த முகங்களைப் பார்ப்போம். அதற்குள் பாதிப் பேருக்கு மனம் கசந்திருக்கும். மீதிப் பேரை விற்றுவிடுவோம்.

நானும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன், ஒரு இடது விங்கர் வரும்வரை.

அவனை மார்ச் மாத யூத் இன்டேக்கில் பார்த்தேன். 16 வயது. வேகம் 15, டிரிப்ளிங் 14. முடிவெடுக்கும் திறன் மட்டும் 7. பந்தைக் காலில் வைத்துக்கொண்டு மூன்று பேரைக் கடந்து போவான். நாலாவது ஆளிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவான். இரண்டு வருடம் நம்மிடமே பயிற்சி. 18 முடிந்ததும் ஜூலையில் இரண்டு கிளப்புகள் கேட்டன. ஒன்று இங்கிலாந்தின் இரண்டாம் நிலையான சாம்பியன்ஷிப்பில் இருப்பது. முழுச் சம்பளமும் மாதத் தொகையும் தருவதாகச் சொன்னது. இன்னொன்று அதற்கு ஒரு நிலை கீழே, லீக் ஒன்னில் இருப்பது. பாதிச் சம்பளம்தான், மாதத் தொகை கிடையாது. நான் முதல் கிளப்புக்கு அனுப்பினேன். வழக்கமாக முதல் பதினோரு பேரில் ஆடுவான் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. இடையில் திரும்ப அழைக்கும் உரிமையை, அதாவது ரீகாலை, அவர்கள் ஏற்கவில்லை. பேரம் முடியட்டும் என்று அதை எடுத்துவிட்டேன்.

அக்டோபரில் அந்தக் கிளப் தன் மேனேஜரை நீக்கியது. புதிதாக வந்தவர் 3-5-2 ஆடுகிறவர். அந்த அமைப்பில் விங்கருக்கு இடமே இல்லை. எனக்கு இதெல்லாம் அப்போது தெரியாது. கிறிஸ்துமஸ் நெருக்கடியில் என் அணிக்கே வாரத்துக்கு மூன்று ஆட்டம். ஜனவரி கடைசியில்தான் டெவலப்மென்ட் சென்டரைத் திறந்து பார்த்தேன். அவன் பெயருக்கு நேராக 2 (7) என்று இருந்தது. முதலிலிருந்து இறங்கியது இரண்டு ஆட்டம், பெஞ்சிலிருந்து எழுந்து வந்தது ஏழு ஆட்டம். மே மாதம் அது 3 (11) ஆனது. சராசரி ரேட்டிங் 6.48.

அந்த அடைப்புக்குறியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதைக் கொஞ்சம் நின்று படியுங்கள் என்றுதான் கேட்கிறேன். பதினோரு முறை 80-ஆவது நிமிடத்தில் ஜெர்சியை இழுத்துவிட்டுக்கொண்டு எல்லைக்கோட்டில் நின்ற பையன் அந்த எண்ணுக்குள் இருக்கிறான். அணி தோற்றுக்கொண்டிருக்கும், எல்லாரும் பின்னால் நின்று உயரமாகப் பந்தை உதைத்துக்கொண்டிருப்பார்கள், அந்தப் பத்து நிமிடத்தில் அவன் என்ன கற்றுக்கொள்ள முடியும்? திரும்பி வந்தபோது அவனுடைய திறன் பட்டியலில் ஒரு பச்சை அம்புக்குறிகூட இல்லை. இரண்டு சிவப்பு இருந்தன.

அடுத்த ஜூலையில் அதே லீக் ஒன் கிளப் மறுபடி கேட்டது. இந்த முறை அவர்களுடைய அணியைத் திறந்து பார்த்தேன். இடது பக்கம் இருந்தவருக்கு 33 வயது. மேனேஜர் நாலு வருடமாக அங்கேயே இருக்கிறார், 4-2-3-1 ஆடுகிறார், கிளப் நிர்வாகம் அவர்மேல் திருப்தியாக இருக்கிறது. அனுப்பினேன். 38 (4). ஒன்பது கோல். முடிவெடுக்கும் திறன் 7-இலிருந்து 10-க்கு வந்திருந்தது. இப்போது அவனுக்கு 23 வயது. சீனியர் அணியில் சீசனுக்கு முப்பது ஆட்டம் ஆடுகிறான். நல்ல ஆட்டக்காரன். ஆனால் அவன் ஆகியிருக்கக்கூடிய ஆட்டக்காரனாக ஆகவில்லை என்பது எனக்குத் தெரியும். அந்த 3 (11) வருடத்தை எந்தப் பயிற்சியாளரை வைத்தும் என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

இந்த இடத்தில் உங்களில் சிலர் சொல்லப்போவது எனக்குக் கேட்கிறது. "பிஏ இருந்தா எப்படியும் ஏறிடும் பாஸ்." பிஏ என்பது எட்டக்கூடிய திறன், 200-க்கு எவ்வளவு என்ற கணக்கு. அது கூரையின் உயரம் மட்டும்தான். ஏணியை நாம்தான் வைக்கவேண்டும். இந்த விளையாட்டின் முன்னோடியான சாம்பியன்ஷிப் மேனேஜர் நாட்களிலிருந்து ஆடுகிறவர்களுக்கு மில்வாலின் செர்னோ சம்பாவை மறக்க முடியாது. 2001-02 பதிப்பில் அவரை வாங்காதவர்களே இல்லை. நம் திரையில் ஐரோப்பாவையே ஆண்டார். நிஜத்தில் அந்த உயரத்துக்கு வரவில்லை. ஃப்ரெடி அடூவையும் நினைத்துப் பாருங்கள். 2004-இல் 14 வயதில் அமெரிக்காவின் தொழில்முறை லீகில் இறங்கியவர். 2007-இல் பென்ஃபிகா வாங்கியது. அதன் பிறகு பிரெஞ்சு லீகின் மொனாக்கோ, போர்ச்சுகலின் பெலனென்செஸ், கிரீஸின் ஆரிஸ், துருக்கியின் ரிசேஸ்போர் என்று நான்கு லோன். ஒவ்வொரு முறையும் புது நாடு, புதுப் பயிற்சியாளர். எங்கும் அவருக்கு ஒரு முழு சீசன் ஆட்டம் கிடைக்கவில்லை. அவரிடம் திறமை இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இரவல் எப்படி இருக்கவேண்டும் என்று கேட்டால் நான் பிலிப் லாம் கதையைத்தான் சொல்வேன். எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

2003. பயர்ன் மியூனிக்கில் அவர் 19 வயதுப் பையன், வலது பின்களக்காரர். சீனியர் அணியில் வலது பக்கம் வில்லி சான்யோல், இடது பக்கம் பிக்சன்ட் லிசராசு. இருவரும் பிரான்ஸ் தேசிய அணிக்கு ஆடுகிறவர்கள். அவர்களைத் தாண்டி ஒரு சிறுவனுக்கு எப்படி இடம் கிடைக்கும்? பயர்ன் அவரை இரண்டு வருடத்துக்கு ஸ்டுட்கார்ட்டுக்கு அனுப்பியது. கவனியுங்கள், ஒரு வருடம் இல்லை, இரண்டு. ஸ்டுட்கார்ட் அதற்கு முந்தைய சீசனில் பன்டஸ்லிகாவில் இரண்டாவதாக வந்து சாம்பியன்ஸ் லீகுக்குத் தகுதி பெற்றிருந்தது. அங்கேயும் வலது பக்கத்தில் ஆன்ட்ரியாஸ் ஹிங்கல் நிலையாக இருந்தார். பயிற்சியாளர் ஃபீலிக்ஸ் மகாத் லாமை இடது பக்கத்துக்கு மாற்றினார். வலது காலால் ஆடுகிறவருக்கு இடது பக்கம் புதுசு. அந்தப் பக்கத்திலேயே நின்று ஆடி, மான்செஸ்டர் யுனைடெட்டைத் தோற்கடித்த அணியில் பங்கெடுத்து, 2004 பிப்ரவரியில் ஜெர்மனி அணிக்கே போய்விட்டார். இரண்டாம் வருடத்தில் பாதமும் முழங்காலும் அடுத்தடுத்து அடிபட்டன. காயத்தோடுதான் 2005-இல் பயர்னுக்குத் திரும்பினார்.

2006 உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ஜெர்மனியும் கோஸ்டா ரிகாவும், மியூனிக் மைதானம், ஆறாவது நிமிடம். இடது ஓரத்தில் பந்தை வாங்கிய லாம் உள்ளே வெட்டி வந்து, வலது காலால் சுழற்றி அடித்து, எதிர்க் கம்பத்தின் மேல்மூலையில் சேர்த்தார். அந்தக் கோலை இடது பக்கம் ஆடும் ஒரு வலதுகால்காரரால்தான் அப்படி அடிக்க முடியும். ஸ்டுட்கார்ட்டில் இடமில்லாமல் பக்கம் மாறிய பையன் அங்கே தெரிந்தான். எட்டு வருடம் கழித்து அதே ஆள் கேப்டனாக உலகக் கோப்பையைத் தூக்கினார்.

பயர்ன் என்ன செய்தது? ஏன் அனுப்புகிறோம் என்று தெரிந்து அனுப்பியது. பையனைத் தாங்கக்கூடிய நல்ல அணியாகப் பார்த்து, அதிலும் அவன் போராடி இடம் பிடிக்கக்கூடிய அணியாகப் பார்த்து அனுப்பியது. அவசரப்படாமல் இரண்டு வருடம் விட்டது. அவர் வரும்போது இடம் இருந்தது.

இப்போது பேட்ரிக் பாம்ஃபோர்டைப் பாருங்கள். செல்சியின் ஆட்டக்காரர். 2014-15-இல் மிடில்ஸ்பரோவுக்கு லோனில் போய் லீகில் 17 கோல் அடித்தார். அந்த வருடத்தின் சாம்பியன்ஷிப் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்குத்தான். நீங்களும் நானும் அவர் இடத்தில் ஒரு பையனை வைத்திருந்தால் உடனே என்ன செய்வோம்? "சாம்பியன்ஷிப் முடிஞ்சது, அடுத்தது பிரீமியர் லீக்" என்று ஒரு படி மேலே ஏற்றுவோம். செல்சியும் அதைத்தான் செய்தது. கிரிஸ்டல் பேலஸ், பிறகு நார்விச், பிறகு பர்ன்லி. மூன்று பிரீமியர் லீக் அணி, பெரும்பாலும் பெஞ்ச், ஒரு லீக் கோல்கூட இல்லை. 17 கோல் அடித்த காலை ஒன்றரை வருடம் உட்காரவைத்தது போலாயிற்று. மறுபடி மிடில்ஸ்பரோவுக்குப் போய், அங்கிருந்து லீட்ஸுக்குப் போய், 2020-21-இல் பிரீமியர் லீகிலேயே 17 கோல் அடித்துக் காட்டினார். அப்போது அவருக்கு 27 வயது. ஆட்டக்காரர் அதே ஆட்டக்காரர்தான். ஏணியின் அடுத்த படி அவருக்கு எட்டாத இடத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

உயர்ந்த லீக் என்றால் உயர்ந்த வளர்ச்சி என்று நாம் நம்புவது இதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. பெரிய கிளப்பின் பெஞ்சைவிடச் சின்ன கிளப்பின் சனிக்கிழமை ஆட்டம் பெரிது. டேவிட் பெக்காம் 1995-இல் பிரஸ்டன் நார்த் எண்டுக்குப் போனபோது அது நாலாம் நிலை அணி. அங்கே அவர் ஆடியது 5 ஆட்டம். அடித்தது 2 கோல், அதில் ஒன்று கார்னரிலிருந்து நேராக வலைக்குள்.

வயதைப் பற்றியும் சொல்லவேண்டும். 16, 17 வயதுப் பையன்களையும் சேர்த்து மூட்டை கட்டி அனுப்புகிறீர்கள், அதை நிறுத்துங்கள். விளையாட்டின் கணக்கில் அந்த வயதில் நல்ல பயிற்சியாளர், நல்ல மைதானம், கூடப் பழகும் பெரிய ஆட்டக்காரர்களின் குணம் எல்லாம்தான் அதிகம் வேலை செய்கின்றன. 18-ஐத் தாண்டிய பிறகுதான் ஆட்ட அனுபவத்தின் எடை கூடுகிறது. ஃபில் ஃபோடனை மான்செஸ்டர் சிட்டி ஒருமுறைகூட லோனில் அனுப்பவில்லை. ஆட்டம் குறைவாகக் கிடைத்தாலும் பரவாயில்லை, டேவிட் சில்வாவோடும் டி புரூய்னாவோடும் தினம் பயிற்சி செய்யட்டும் என்று வைத்துக்கொண்டார்கள். ஆனால் 20 வயதாகியும் பையன் இருப்பு அணியிலேயே சுற்றிக்கொண்டிருந்தால் அதுவும் தப்பு. நாற்றங்காலில் வயது தப்பிய நாற்றைப் பிடுங்கி நட்டால் தூர் கட்டாது. டெல்டாவில் பிறந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. இளசாகப் பிடுங்கினாலும் தண்ணீரில் அழுகிவிடும். கோல்கீப்பர்களுக்கும் மையப் பின்களக்காரர்களுக்கும் மட்டும் நான் இன்னும் ஓரிரு வருடம் கூடுதலாகப் பொறுப்பேன். அவர்கள் பழுப்பது நிதானமாகத்தான்.

இனி எப்படி அனுப்புவது என்பதற்கு வருகிறேன். நான் இப்போது செய்கிற முறையைச் சொல்கிறேன், உங்களுக்குச் சரியென்று பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள். லோனுக்குக் கேட்கிற கிளப்பின் பெயரைக் கண்டதும் முதலில் பணத்தைப் பார்ப்பதில்லை. அந்த அணியின் பட்டியலைத் திறந்து, என் பையனின் பொசிஷனில் அங்கே யார் இருக்கிறார் என்று பார்க்கிறேன். 24 வயதில் நன்றாக ஆடுகிற ஒருவர் இருந்தால், ஒப்பந்தத்தில் என்ன எழுதினாலும் என் பையன் உட்காரத்தான் போகிறான். பிறகு மேனேஜரின் பக்கத்தைத் திறந்து அவருக்குப் பிடித்த ஃபார்மேஷன் என்ன, அவருடைய வேலை நிலையாக இருக்கிறதா என்று பார்க்கிறேன். அந்த விங்கருக்குப் பிறகு இந்த ஒன்றை நான் ஒருபோதும் தவறவிட்டதில்லை. பயிற்சி வசதி எப்படி என்றும் பார்ப்பேன். ஆனால் வசதி கொஞ்சம் குறைவாக இருந்து ஆட்டம் நிச்சயம் என்றால் ஆட்டத்தைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

ஒப்பந்தத்தில் இரண்டை விட்டுக்கொடுக்காதீர்கள். ஒன்று ரீகால். அதை எடுத்தால்தான் பேரம் முடியும் என்றால் அந்தப் பேரம் வேண்டாம். இன்னொன்று பொசிஷன். எந்த இடத்தில் ஆடவைக்கவேண்டும் என்று நீங்கள் கேட்டு எழுதிக்கொள்ளலாம். பலர் அந்தக் கட்டத்தைத் தொடுவதே இல்லை. சம்பளத்தில், பையனை ஆடவைத்தால் குறைவாகவும் ஆடவைக்காவிட்டால் அதிகமாகவும் அவர்கள் தருகிற மாதிரி வையுங்கள். அவனை உட்காரவைப்பது அவர்களுக்குச் செலவாக வேண்டும்.

இன்னொன்று, பையனோடு உங்களுக்கு இருக்கும் ஒப்பந்தம். ஒரே வருடம் மிச்சம் இருக்கும் பையனை லோனில் அனுப்பி, நாற்பது ஆட்டம் ஆடி வளர்ந்து வந்தவனை இலவசமாக இன்னொருவரிடம் பறிகொடுத்த நண்பர்கள் எனக்கு உண்டு. அனுப்பும் முன் ஒப்பந்தத்தை நீட்டிவிடுங்கள்.

வெளிநாட்டுக்கு அனுப்புவது பற்றி எனக்குக் கொஞ்சம் தயக்கம் இருக்கிறது. மொழி கற்க நாளாகும், வீட்டு ஏக்கம் வரும். ஐரோப்பியப் போட்டிகளுக்கான 25 பேர் பட்டியலில் 8 இடம் உள்ளூரில் வளர்ந்தவர்களுக்கு. 15-இலிருந்து 21 வயதுக்குள் மூன்று வருடம் அந்த நாட்டின் கிளப்புகளில் பதிவாகியிருந்தால்தான் அந்தக் கணக்கில் வரமுடியும். வெளிநாட்டில் கழித்த மாதங்கள் இதில் சேராது. ஆனாலும் தயக்கத்தை மீறி அனுப்பவேண்டிய பையன்களும் இருக்கிறார்கள். திபோ கோர்ட்வா 19 வயதில் செல்சியிலிருந்து அட்லெட்டிகோ மாட்ரிட்டுக்குப் போய் மூன்று சீசன் அங்கேயே இருந்தார். 2014-இல் ஸ்பெயின் லீக் பட்டம் வென்றார். அதே வருடம் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் செல்சிக்கு எதிராகவே கோல்கம்பத்தில் நின்றார். அவர் ஆடுவதைத் தடுக்கும் எந்த ஒப்பந்த விதியும் செல்லாது என்று ஐரோப்பியக் கால்பந்துச் சங்கம் சொல்லிவிட்டது. ஸ்டாம்ஃபர்ட் பிரிட்ஜில் அட்லெட்டிகோ 3-1 என்று வென்றது. சொந்த வீட்டையே தோற்கடித்தவரை அந்தக் கோடையில் செல்சி திரும்ப அழைத்து முதல் கீப்பராக்கியது.

செல்சி பெயரை அடிக்கடி சொல்கிறேன். ஒரு கட்டத்தில் 40-க்கும் மேற்பட்டவர்களை ஒரே சமயத்தில் வெளியே வைத்திருந்த கிளப் அது. லோனின் நல்லதும் கெட்டதும் அங்கேதான் கண்கூடாகத் தெரியும். பிரேசிலிலிருந்து வந்த லூக்காஸ் பியசோன் அங்கே சேர்ந்தபோது பெரிய எதிர்பார்ப்பு. மலாகா, விட்டெஸ், ஃபிராங்க்ஃபர்ட், ரீடிங், ஃபுல்ஹாம், கியேவோ, ரியோ அவே என்று ஏழு கிளப். 2021-இல் அவர் விலகியபோது செல்சி சீனியர் அணிக்கு ஆடியிருந்தது மொத்தம் 3 ஆட்டம். அந்த ஏழில் எந்த ஒன்றையும் தனியாக எடுத்து "இது தப்பான லோன்" என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஏழையும் சேர்த்துப் பார்த்தால் மனம் வலிக்கிறது.

ஃபிஃபா 2022 ஜூலையில் புது விதி கொண்டுவந்தது. ஒரு கிளப் வெளிநாட்டுக் கிளப்புகளுக்கு லோனில் அனுப்பக்கூடியது 8 பேர், பிறகு 7, 2024-இலிருந்து 6. ஒரே கிளப்போடு 3 பேருக்கு மேல் கூடாது. கிளப்பிலேயே வளர்ந்த, 21 வயது வரையிலான ஆட்டக்காரர்களுக்கு இந்தக் கட்டு கிடையாது. விதிவிலக்கு இருந்தாலும் நான் என் சேவில், அதாவது சேமித்து ஆடிவரும் ஆட்டத்தில், ஆறு என்று எனக்கே வரம்பு வைத்துக்கொண்டேன். ஆறு பேரின் ஆட்டத்தை மாதம் ஒருமுறை உட்கார்ந்து பார்க்க முடிகிறது. இருபது பேரை முடியாது. மிச்சமிருப்பவர்களில் சிலரை நேர்மையாக விற்றுவிடுகிறேன். அவர்களுக்கென்று ஒரு சொந்த அணி கிடைக்கட்டும்.

கடைசியாக, எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுவது திரும்பி வருகிற வழி. 2019 மே 27, வெம்ப்லி. சாம்பியன்ஷிப் பிளே-ஆஃப் இறுதியாட்டம், ஆஸ்டன் வில்லாவும் டெர்பியும். வில்லாவின் முன்களத்தில் டாமி ஆபிரகாம். டெர்பியில் மேசன் மவுண்ட்டும் ஃபிகாயோ டொமோரியும். மூவரும் செல்சியின் லோன் பையன்கள். மவுண்ட் அதற்கு முந்தைய வருடம் நெதர்லாந்தின் விட்டெஸில் இருந்தார். முதல் சில வாரங்கள் பெஞ்சில் காத்திருந்து, கடைசியில் அந்தக் கிளப்பின் அந்த வருடச் சிறந்த ஆட்டக்காரர் என்று பெயர் வாங்கிக்கொண்டு திரும்பியவர். அன்று வில்லா 2-1 என்று வென்றது. இரண்டு மாதம் கழித்து மூவரும் செல்சியின் சீனியர் அணியில் இருந்தார்கள். காரணம் தெரியும்தானே? புது ஆட்டக்காரர்களை வாங்க ஃபிஃபா செல்சிக்குத் தடை போட்டிருந்தது. டெர்பியின் மேனேஜராக இருந்த ஃபிராங்க் லாம்பார்டே செல்சியின் மேனேஜராக வந்தார். வேறு வழியில்லாமல் கதவு திறந்தது. திறந்த கதவு வழியாக வந்த மவுண்ட் 2021 சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் அணித்தோழர் ஹாவர்ட்ஸின் காலுக்குப் பந்தைக் கொடுத்தார். அந்த ஒரு கோலில்தான் கோப்பை வந்தது.

அவருக்கு முன்னால் இதே வழியில் போய், இதே அளவு நன்றாக ஆடி, திரும்பி வந்தபோது தன் இடத்தில் புதிதாக வாங்கிய ஒருவர் நிற்பதைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? கெவின் டி புரூய்னா 2012-13-இல் பிரேமனில் 10 லீக் கோல் அடித்துவிட்டு செல்சிக்குத் திரும்பினார். ஆறு மாதத்தில் வொல்ஃப்ஸ்பர்க்குக்கு விற்றுவிட்டார்கள். லோன் நன்றாகத்தான் நடந்தது. வீட்டில் நாற்காலி போட்டுவைக்க யாரும் இல்லை.

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். பையனை அனுப்புகிற அன்றே, அடுத்த ஜூலையில் அவன் யாருடைய இடத்துக்கு வரப்போகிறான் என்று உங்கள் அணியில் ஒரு பெயரைக் காட்டுங்கள். அந்தப் பெயருக்கு அப்போது 31 ஆகியிருக்கலாம், ஒப்பந்தம் முடிகிறதாக இருக்கலாம். அப்படி ஒரு பெயரைக் காட்ட முடியாவிட்டால் அவனை விற்பதுதான் அவனுக்குச் செய்யும் நன்மை. காட்ட முடிந்தால், அந்தக் கோடையில் அதே இடத்துக்கு இன்னொருவரை வாங்காதீர்கள். பெரிய ஏஜென்ட் வந்து எதைக் காட்டினாலும் வாங்காதீர்கள். திரும்பி வந்தவனுக்கு ஒரு முழு ப்ரீ-சீசன் கொடுங்கள். முதல் இரண்டு ஆட்டத்தில் 6.5 வாங்கினால் பொறுங்கள்.

ஃபுட்பால் மேனேஜர் 26-இல் பெண்கள் கால்பந்தும் வந்திருக்கிறது. அங்கே அணி நடத்துகிறவர்களுக்கும் இதே வேண்டுகோள்தான்.

"இது வெறும் கேம், அந்தப் பையனே நிஜமில்லை" என்று வீட்டில் சொல்வார்கள். எனக்கும் சொல்லியிருக்கிறார்கள். அவன் நிஜமில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒரு பிள்ளையின் வளர்ச்சியை என் கையில் கொடுத்தால் நான் அதை எப்படிப் பார்த்துக்கொள்வேன் என்பது நிஜம். அதை இத்தனை வருடமாக இந்தத் திரையில்தான் நான் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

இதை எழுதும்போது என் சேவில் ஜனவரி 3. 19 வயது கோல்கீப்பர் ஒருவன் இருக்கிறான், நல்ல உயரம், பந்தைப் பிடிப்பதில் கெட்டி, ஓரத்திலிருந்து வரும் கிராஸ் பந்துக்கு வெளியே வரத் தயங்குகிறான். மூன்று கிளப்புகள் கேட்டிருக்கின்றன. இரண்டைப் பார்த்துவிட்டேன், இரண்டிலும் முதல் கீப்பர் நன்றாக ஆடிக்கொண்டிருக்கிறார். மூன்றாவது கிளப்பின் கீப்பருக்குத் தோள்பட்டையில் காயம், நாலு மாதம் ஆகுமாம். அந்த அணி லீகில் கடைசியிலிருந்து மூன்றாவது இடம், வாரம்தோறும் இருபது முறை கோலை நோக்கி அடி வாங்குகிறது. மேனேஜர் தாக்குப்பிடிப்பாரா என்பதை மட்டும் இன்னும் பார்க்கவில்லை. பார்த்துவிட்டுத்தான் தூங்கப்போகிறேன்.

அன்புடன்,
உங்களைப் போல் விடிய விடிய விழித்திருக்கும் ஒரு மேனேஜர்